நிலநடுக்கத்துக்குப் பின் பூஜ் நகரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குஜராத்தின் கட்ச் மாவட்டத் தலைநகரம் பூஜ். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் நொறுங்கிய இந்த ஊர், அதே இடத்தில் திரும்பக் கட்டப்பட்டது. நகர அமைப்பு பற்றிப் பேசும்போதெல்லாம் நான் பூஜ் நகரத்தை எடுத்துச் சொல்வது வழக்கம். கேட்பவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இடிந்த ஊரைக் கட்டுவது சிமெண்டும் கம்பியும் சம்பந்தப்பட்ட வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது முதலில் நில விவகாரம். பதில்கள் அந்தப் பக்கம் அதிகம் சாய்வதற்குக் காரணம் அதுதான்.

அன்றைக்கு என்னதான் நடந்தது? சேதம் எவ்வளவு?

குடியரசு தினக் காலை, மணி 8:46. பூஜ் நகருக்குக் கிழக்கே, பச்சாவ் வட்டத்தில் சோபாரி கிராமத்தின் பக்கம் மையம் கொண்ட நிலநடுக்கம். அளவு 7.7. குஜராத் அரசின் கணக்கில் இறந்தவர்கள் ஏறக்குறைய 13,800 பேர். காயம்பட்டவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இடிந்ததும் விரிசல் விட்டதுமாகப் பாதிக்கப்பட்ட வீடுகள் பத்து லட்சத்தைத் தாண்டும். பூஜ், அஞ்சார், பச்சாவ், ராப்பர் ஆகிய நான்கு ஊர்களுக்குத்தான் பலத்த அடி.

அஞ்சாரில் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். குடியரசு தின ஊர்வலமாகப் போன பள்ளிப் பிள்ளைகள் ஒரு குறுகலான தெருவில் இருந்த நேரம் அது. இருபக்க வீடுகளும் தெருவுக்குள் சரிந்தன. நூற்றுக்கும் அதிகமான பிள்ளைகளும் கூடப் போன ஆசிரியர்களும் அங்கேயே இறந்தார்கள். ஓடுவதற்கு இடம் இல்லை. தெரு அகலம் என்ற விஷயம் கீழே திரும்பத் திரும்ப வரும். அப்போதெல்லாம் இந்தத் தெருவை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கட்டடம் எல்லாம் ஏன் அப்படி விழுந்தது? பழசு என்பதாலா?

பழசு என்பது பாதிக் காரணம்தான். பூஜ் நகரின் பழைய பகுதியான கோட்டைக்குள் இருந்த பல வீடுகள் ஒழுங்கில்லாத கற்களை மண் சாந்தில் அடுக்கிக் கட்டியவை. சுவர் கனம், கூரையும் கனம், இரண்டையும் சேர்த்துக் கட்டிப்பிடிக்க எதுவும் கிடையாது. பூமி பக்கவாட்டில் ஆடும்போது ஒவ்வொரு சுவரும் தன் போக்கில் ஆடி மூலையில் பிரிந்துவிடும். பிறகு கூரை நேராகக் கீழே வரும். அதே கட்ச்சில், பன்னி புல்வெளிப் பக்கம் இருக்கும் ‘புங்கா’ என்ற வட்ட மண்குடிசைகள் பல, பெரிய சேதமில்லாமல் நின்றன. வட்டச் சுவருக்குப் பிரிந்துபோக மூலை இல்லை. மேலே இருப்பதும் இலேசான புல் கூரை.

அப்புறம் அகமதாபாத். மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் அந்த ஊரில் புதிய அடுக்குமாடிகள் விழுந்து எழுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கீழே வண்டி நிறுத்த வெறும் தூண்கள், மேலே சுவர்களோடு நான்கைந்து மாடி. ஆட்டம் முழுவதும் அந்தத் தூண்களிலேயே வந்து விழுகிறது. ஆக, பழைய கல் வீடும் விழுந்தது, புது கான்கிரீட்டும் விழுந்தது. கட்டிய முறைதான் தீர்மானித்தது.

பேசாமல் வேறு இடத்தில் புதுசா ஒரு ஊர் கட்டியிருக்கலாமே?

இந்த யோசனை அன்றும் எழுந்தது. ஊர்களை மொத்தமாக வேறு இடத்துக்கு நகர்த்துவது பற்றி அரசும் ஆரம்பத்தில் பேசியது. மக்கள் வேண்டாம் என்றார்கள். 1993இல் மகாராஷ்டிராவின் லாத்தூர் பக்கம் நிலநடுக்கம் வந்தபோது ஐம்பதுக்கு மேற்பட்ட கிராமங்களை இடம் மாற்றி, நேர்கோட்டுத் தெருக்களில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். மாடு கட்ட இடமில்லை, வயல் தூரம், அக்கம்பக்கத்து உறவுகள் கலைந்துபோயின என்ற குறைகள் அங்கே நெடுநாள் ஓயவில்லை. கட்ச்சில் வேலை செய்த தொண்டு அமைப்புகளுக்கு அந்த அனுபவம் தெரியும்.

நகரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடை, சந்தை, கோயில், மசூதி, ஏரிக்கரை எல்லாம் இருக்கும் இடத்தில்தான் பிழைப்பு இருக்கும். பூஜ் நகரின் ஹமீர்சர் ஏரியையும் பழைய கடைவீதிகளையும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இடம் மாறுவதே தப்பு என்று சொல்லவில்லை. தமட்கா கிராமத்தில் அஜ்ரக் அச்சுத் துணி செய்யும் கத்ரி குடும்பங்கள் இருந்தன. நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்த ஊர்த் தண்ணீரில் இரும்புச் சத்து கூடி, சாயம் சரியாக ஏறவில்லை. அவர்களில் பலர் தாங்களே நிலம் பார்த்து, பூஜ் நகருக்குக் கிழக்கே அஜ்ரக்பூர் என்று ஒரு புது ஊரையே உண்டாக்கினார்கள். அந்த ஊரில் இன்றும் தொழில் நடக்கிறது. தண்ணீரைப் பார்த்து அவர்களே எடுத்த முடிவு என்பதால்தான் அது நின்றது என்பது என் எண்ணம்.

சரி, அதே இடம்தான் என்று ஆன பிறகு, ஜனங்கள் ஏன் உடனே வீடு கட்டவில்லை?

கட்ட விடவில்லை. பழைய நகருக்குள் திட்டம் தயாராகும் வரை புதிய கட்டுமானத்துக்கு அனுமதி கிடையாது. தகரக் கொட்டகையில் கட்ச் வெயிலைத் தாங்கிக்கொண்டு இருந்தவர்களுக்கு இது எவ்வளவு கோபத்தைக் கொடுத்திருக்கும்! அந்தக் கோபம் நியாயமானதுதான்.

ஆனாலும் நிறுத்திவைத்தது சரி என்றே நினைக்கிறேன். கோட்டைக்குள் பல சந்துகள் ஒரு வண்டிகூட நுழைய முடியாதவை, நிறைய முட்டுச்சந்துகள். விழுந்த வீடுகளின் கல் அத்தனையும் அந்தச் சந்துகளை அடைத்துக்கொண்டது. மீட்பு வண்டிகள் உள்ளே போகவே திணறின. அவரவர் பழைய அடிமானத்தின் மேலேயே சுவர் எழுப்பியிருந்தால், அதே சந்துகள் இன்னும் நூறு வருஷத்துக்கு நிலைத்திருக்கும். தெருவை அகலப்படுத்த முடிவது இடிபாடு அகன்று புது வீடு எழுவதற்கு முந்தைய அந்தக் குறுகிய காலத்தில் மட்டும்தான்.

அது என்ன டவுன் பிளானிங் ஸ்கீம் என்கிறார்கள்? நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார்களா?

பூஜ் கதையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இது. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

சாதாரணமாக ரோடு போட வேண்டும் என்றால், அந்தக் கோட்டில் யார் வீடு இருக்கிறதோ அவருடைய நிலத்தைக் கையகப்படுத்துவார்கள். அவருக்கு எல்லாம் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்னால் அகலமான ரோடு வரும், மனை விலையும் ஏறும். குஜராத்தில் வேறு ஒரு பழக்கம் பம்பாய் மாகாணத்தின் 1915ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உண்டு. இப்போது 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. ஒரு பகுதியின் எல்லா மனைகளையும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொருவரிடமும் ஒரு பங்கு கழித்து, அந்தக் கழிவில் ரோடும் பொது இடமும் எடுத்துவிட்டு, மீதியைத் திருத்தமான வடிவில் அவரவர்க்கே திருப்பித் தருவார்கள்.

பூஜ் கோட்டைக்குள் இப்படி எட்டுத் திட்டங்கள் போட்டார்கள். வரைந்தது அகமதாபாத்தைச் சேர்ந்த இ.பி.சி. என்ற திட்டமிடல் அமைப்பு. கழிவு எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. 30 சதுர மீட்டர் வரையிலான துண்டு மனையில் எதுவும் கழிக்கவில்லை. அதற்கு மேல் 100 வரை பத்து சதவீதம். மனை பெரிதாகப் பெரிதாகக் கழிவு கூடி 35 சதவீதம் வரை போனது. உதாரணத்துக்கு 80 சதுர மீட்டர் வைத்திருந்தவருக்கு 72 திரும்பக் கிடைக்கும். முடிந்தவரை பழைய இடத்திலேயோ அதை ஒட்டியோ கொடுத்தார்கள். உள்ளே வண்டி போய்வரும் சாலைகள் கிடைத்தன. முட்டுச்சந்துகள் பல திறந்தன. கோட்டைக்கு வெளியே வட்டச் சாலைகள் வந்தன.

என் இடத்தில் பத்து சதவீதம் எடுத்தால் நான் விடுவேனா? அவங்க எப்படி ஒத்துக்கிட்டாங்க?

எல்லோரும் மனமுவந்து ஒத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் பொய். ஆட்சேபங்கள் நிறைய வந்தன. ஆனால் மூன்று விஷயங்கள் உதவின. முதலாவது, பக்கத்து வீட்டுக்காரரிடமும் எடுக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஒருவர் மட்டும் பலி இல்லை. இரண்டாவது, வரைபடத்தை மக்கள் முன்னால் விரித்து வைத்தார்கள். மனைக்காரர் வந்து தன் பழைய மனையையும் புது மனையையும் பார்த்துக் கேள்வி கேட்கலாம், அதிகாரி தனித்தனியாக விசாரித்தார்.

மூன்றாவது நடந்த சம்பவமே. அகலத் தெரு எதற்கு என்று விளக்க அங்கே யாருக்கும் பாடம் நடத்தத் தேவையிருக்கவில்லை. வழக்கமாக இப்படி ஒரு திட்டம் முடியப் பல ஆண்டுகள் இழுக்கும். இங்கே எட்டும் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்குள் வரைந்து, விசாரித்து, ஒரு நிலைக்கு வந்தன. அவசரம்தான் அந்த வேகத்தைத் தந்தது. ஆனால் அவசரத்தைச் சாக்காக வைத்து விசாரணையை ரத்து செய்யவில்லை. அதைத்தான் மற்ற ஊர்கள் கவனிக்க வேண்டும்.

பத்திரம் எல்லாம் இடிபாட்டுக்குள்ளே போயிருக்குமே, யார் இடம் எது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

காகிதம் தொலைந்ததைவிட, தொலையாத காகிதத்தில் தாத்தா பெயர் இருப்பதுதான் பெரிய சிக்கல். பாகப்பிரிவினை ஆகாத கூட்டுச் சொத்து, நாலு அண்ணன் தம்பி, அதில் ஒருவர் மும்பையில், ஒருவர் வெளிநாட்டில். நம் ஊர்க் கதைதான். வீடு நிற்கும் வரை இது வெளியே தெரியாது. மனையை அளந்து புதுப் பெயரில் எழுதும் அன்றைக்குத்தான் எல்லாம் வெளியே வரும்.

நிலத்தைத் திரும்ப அளந்து, யாருக்கு எது என்று பட்டியல் போட்டு, ஆட்சேபம் கேட்டுத்தான் மேலே போக முடிந்தது. மேலே சொன்ன தனி விசாரணையில் பெரும்பகுதி நேரம் இதற்கே போயிருக்கும் என்பதில் ஆச்சரியமில்லை. இதில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. திரும்பக் கட்டிய வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவதை அரசு ஊக்குவித்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் கட்டிக் கொடுத்த வீடுகளிலும் இதே வழக்கம் வந்தது.

வாடகைக்கு இருந்தவங்க கதி என்ன?

பூஜ் கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்பவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நிவாரணம் வீட்டு உரிமையாளரை மனத்தில் வைத்துத்தான் எழுதப்பட்டது. திட்டத்தில் மனை உள்ளவருக்கு மனை உண்டு, இழந்த வீட்டுக்குப் பணம் உண்டு. பல ஆண்டுகளாகக் குறைந்த வாடகையில் குடித்தனம் இருந்தவருக்கு இரண்டுமே இல்லை. பழைய வாடகைக்கு இனி வீடும் கிடைக்காது, ஏனென்றால் அந்த வீடே இல்லை. உரிமையாளருக்குத் திரும்ப அவரைக் குடி வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. புறம்போக்கில் இருந்தவர்கள் நிலைமை இதைவிட மோசம். தற்காலிகக் கொட்டகை என்று போட்டதில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான்.

அடுக்குமாடி வாங்கியவர்களும் ஒரு வகையில் இந்தப் பட்டியலில் வருவார்கள். விழுந்துபோன மாடியில் இருந்த வீட்டுக்கு நிலத்தில் உள்ள பங்கு சொற்பம். எல்லோரும் ஒத்து வந்தால்தான் அதே இடத்தில் கட்ட முடியும், அதற்குள் உயரக் கட்டுப்பாடும் வந்துவிட்டது. பின்னாளில் வாடகைக்காரர்களுக்கென்று சர்தார் நகரில் வீடுகள் எழுந்தன. பூஜ் நகரின் ஹுன்னர்சாலா அமைப்பு குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி வடிவமைத்த வீடுகள் அவை. நல்ல வேலை, ஆனால் தாமதம். யார் வாடகைக்கு இருந்தார்கள் என்ற கணக்கை முதல் மாதமே எடுத்திருக்க முடியும், எடுத்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் காசு எங்கே இருந்து வந்தது?

பெரும்பகுதி கடன். உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கொடுத்தன. ஆசிய வளர்ச்சி வங்கி மட்டும் 50 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. மத்திய அரசு வருமான வரியில் 2 சதவீதக் கூடுதல் வரி போட்டது, அப்போது வரி கட்டியவர்களுக்கு நினைவிருக்கலாம். வெளிநாடு வாழ் கட்ச் மக்கள், மத அமைப்புகள், சாதிச் சங்கங்கள் கொடுத்தது தனி.

அந்தக் கடைசி வகை உதவியில் ஒரு பக்கவிளைவும் உண்டு. தன் சமூகத்தாருக்கு மட்டும் காலனி கட்டித் தருகிறோம் என்று வந்தவர்கள் பலர். பழைய சந்துகளில் அருகருகே இருந்தவர்கள், நகருக்கு வெளியே சாதிவாரி, மதவாரிக் காலனிகளாகப் பிரிந்து போனார்கள். நிலத்தைப் பிரிப்பதில் அத்தனை கவனம் காட்டியவர்கள் இதைத் தடுக்க முயலவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கிராமங்களில் வீட்டுக்காரர்களே கட்டிக்கொண்டார்களாமே? நகரத்திலும் அப்படித்தானா?

கட்டுவது இரண்டிலும் பெரும்பாலும் வீட்டுக்காரர்தான். ஒப்பந்தக்காரர் வரிசையாகக் கட்டிச் சாவி கொடுக்கும் முறையைக் கட்ச் மக்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. அரசு பணத்தைத் தவணையாகக் கொடுத்தது. அடிமானம் முடிந்ததைப் பொறியாளர் வந்து பார்த்தால்தான் அடுத்த தவணை. ஜன்னல், வாசலுக்கு மேலே சுவரைச் சுற்றி வரும் கான்கிரீட் பட்டையும், மூலைகளில் கீழிருந்து மேல் வரை போகும் கம்பியும் இருக்க வேண்டும். முதலில் சொன்ன மூலை பிரியும் வியாதிக்கு மருந்து இந்தப் பட்டைதான். ஆயிரக்கணக்கான கொத்தனார்களுக்கு இதற்கென்றே பயிற்சி கொடுத்தார்கள். மாநிலம் முழுவதும் சேர்த்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் புதிதாகவும், இன்னும் பல லட்சம் பழுதுபார்த்தும் எழுந்தன.

நகரத்தில் வித்தியாசம், மனை கைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்ததுதான். காத்திருக்க முடியாதவர்களுக்கும், நெரிசலைக் குறைக்கவும், முந்த்ரா ரோடு, ராவல்வாடி, ஆர்டிஓ, ஜிஐடிசி என்ற நான்கு இடங்களில் புது மனைகள் போட்டார்கள். இன்று அவை நகரத்தோடு சேர்ந்துவிட்டன.

பூஜ் ஆஸ்பத்திரி ரப்பர் மேலே நிற்குதாமே, நிஜமா?

நிஜம். பழைய அரசு மருத்துவமனை நோயாளிகளோடு இடிந்தது. அதற்குப் பதில் கட்டிய ஜி.கே. பொது மருத்துவமனையின் தூண்களுக்கு அடியில், ரப்பர் தகடும் இரும்புத் தகடும் மாற்றி மாற்றி அடுக்கி, நடுவில் ஈயம் வைத்த தாங்கிகள் இருக்கின்றன. தரை படபடவென்று ஆடும்போது மேலே கட்டடம் மெதுவாக நகர்ந்து கொடுக்கும், அதிர்ச்சியின் பெரும்பகுதியை ஈயம் வாங்கிக்கொள்ளும். நியூசிலாந்துத் தொழில்நுட்பம். 2004 ஜனவரியில் திறந்தது. இந்தியாவில் மருத்துவமனைக்கு இப்படிச் செய்தது இதுவே முதல் முறை.

அரண்மனை, கோயில் எல்லாம் என்ன ஆச்சு?

அயினா மஹால், பிராக் மஹால் இரண்டும் அடி வாங்கின. பழுதுபார்த்து மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறார்கள். அரச குடும்பத்தின் நினைவு மண்டபங்களான சத்ரடிகள் பெரிதும் சிதைந்தன. சுவாமிநாராயண் கோயிலுக்குப் புது இடத்தில் பளிங்கில் பெரிய கோயில் கட்டி 2010இல் திறந்தார்கள். இறந்தவர்களுக்கான நினைவிடமான ஸ்மிருதிவனம் பூஜியோ குன்றின் மேல் 2022இல்தான் திறந்தது.

பெயர் பெற்ற கட்டடங்களுக்குப் பணம் கிடைத்துவிடுகிறது. மரத்தில் செதுக்கிய திண்ணையும் கதவும் கொண்ட சாதாரண வீடுகளைத்தான் யாரும் காப்பாற்றவில்லை. அவை இடிபாட்டோடு அள்ளப்பட்டன.

தொழிற்சாலைகள் வந்ததால்தான் பூஜ் பிழைத்தது என்கிறார்களே?

கட்ச்சில் புதிதாகத் தொழில் தொடங்கினால் ஐந்து ஆண்டு கலால் வரி விலக்கு என்று 2001இல் அறிவித்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நிறைய ஆலைகள் வந்தன. வேலையும் பணப்புழக்கமும் கூடியது உண்மை. ஆனால் அவை பெரும்பாலும் முந்த்ரா, காந்திதாம் பக்கம் வந்தவை. வேலைக்கு வெளிமாநிலத்தவரும் ஏராளமாக வந்தார்கள். வீடு இழந்த பூஜ் குடும்பத்துக்கும் அந்த ஆலைக்கும் நேர்த்தொடர்பு எவ்வளவு என்று பார்த்தால், சொல்லப்படும் அளவுக்கு இல்லை.

மறுபடி ஒரு நிலநடுக்கம் வந்தால் தாங்குமா?

வரும் என்று வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். 1819இல் கட்ச்சில் வந்தது, அல்லா பந்து என்ற நீண்ட மண்மேடே அப்போது எழும்பியது. 1956இல் அஞ்சாரில் வந்தது. இந்தியாவின் நிலநடுக்க வரைபடத்தில் 2001க்கு முன்பே கட்ச் மிக ஆபத்தான ஐந்தாம் மண்டலத்தில் இருந்தது. எச்சரிக்கை இருந்தும் 2001இல் கட்டடங்கள் விழுந்தன.

2001க்குப் பிறகு சில ஆண்டுகள் கட்டிய வீடுகள் நன்றாகவே கட்டப்பட்டவை, பொறியாளர் பார்வை இருந்தது. எனக்குக் கவலை அதற்குப் பிந்தையவை பற்றி. தவணைப் பணம் முடிந்த அன்றைக்கே பரிசோதனையும் முடிந்தது. மகன் கல்யாணத்துக்கு மேலே ஒரு மாடி ஏற்றும்போது யாரும் வந்து கம்பியை எண்ணுவதில்லை. தெருக்கள் மட்டும் அகலமாகவே இருக்கும். அதை யாராலும் சுருக்க முடியாது.

இதெல்லாம் சென்னைக்கு எதற்கு? இங்கே நிலநடுக்கம் வருமா?

கட்ச் அளவுக்கு இல்லை. ஆனாலும் 2001க்குப் பிறகு, 2002இல் வரைபடத்தைத் திருத்தியபோது சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றுக்கு ஏற்றினார்கள். கீழே வெறும் தூண்களில் நிற்கும் அடுக்குமாடிகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அகமதாபாத்தில் விழுந்தவை அந்த வகைதான். உங்கள் குடியிருப்பு 2002க்கு முந்தையது என்றால், சங்கக் கூட்டத்தில் வண்ணம் பூசுவது பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டி வந்து கீழ்த்தளத் தூண்களைக் காட்டுங்கள். தூண்களுக்கு நடுவே தேர்ந்த இடங்களில் சுவர் சேர்ப்பது, தூணைச் சுற்றிக் கூடுதல் கம்பி கட்டி கான்கிரீட் உறை போடுவது போன்ற வழிகள் இருக்கின்றன. குடியிருப்பவர்களைக் காலி செய்யாமலேயே பல நேரம் இவற்றைச் செய்ய முடியும். வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி, பதிவு செய்து, பிரதி ஒன்றை வீட்டுக்கு வெளியே வேறு ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.